பாதி வசனம் தமிழில் இருந்தால் சீரிஸுக்கு 'பிரிட்டிஷ்' சான்றிதழ் கிடைக்காதா?

ஹாரோ_கதைக்காரன் எழுதியது:

வணக்கம். லண்டனில் நடக்கும் ஒரு குடும்பக் கதையை ஆறு எபிசோட் டிராமாவாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஹாரோவில் கடை நடத்தும் அப்பா, அவருடைய மகள், விசாவில் வந்து அவர்களோடு தங்கியிருக்கும் தங்கை முறையான ஒரு பெண், இந்த மூன்று பேரைச் சுற்றித்தான் கதை. முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக இங்கே நடக்கிறது, பாரிஸ் லா சப்பலில் கொஞ்சம், மீதி எல்லாம் பழைய யாழ்ப்பாணம். வீட்டுக்குள் தமிழ், வெளியே ஆங்கிலம் என்று எழுதியதில் தமிழ் வசனம் அறுபது சதவீதத்துக்கு வந்துவிட்டது.

தயாரிப்பில் கூட வருவதாகச் சொன்ன ஒருவர் இதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தமிழ் இருந்தால் கலாச்சார டெஸ்டில் ஃபெயில், வரிச்சலுகை கிடைக்காது, வசனத்தை எல்லாம் ஆங்கிலமாக்கு" என்கிறார். அந்தப் பெண்ணுக்குக் குடியுரிமை இல்லை என்பதும் பிரச்சினையாம். முக்கிய நடிகர் ஒருவரும் இசையமைப்பாளரும் சென்னையிலிருந்து வருவதாக இருக்கிறது, அதையும் விடு என்கிறார். நெட்டில் தேடினால் புள்ளிக் கணக்கு ஏதோ வருகிறது, பாதி புரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது நேராகச் சொல்லுங்கள். கதையை மாற்ற வேண்டுமா?

கணக்கர்_ஈஸ்ட்ஹாம் எழுதியது:

தம்பி, வசனத்தில் கை வைக்காதீர்கள். அவர் சொன்னது தவறு. ஆனால் உங்களுக்கு வேறு ஒரு பெரிய தடை இருக்கிறது, அதை அவர் சொல்லவே இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் டெஸ்ட். இதில் பாஸானால்தான் 'பிரிட்டிஷ்' நிகழ்ச்சி என்று சான்றிதழ், அது இருந்தால்தான் தயாரிப்புச் செலவுக்கு வரிச்சலுகை. சினிமாவுக்கு 2007-லிருந்து இருக்கிறது, பெரிய பட்ஜெட் டிவி டிராமாவுக்கும் அனிமேஷனுக்கும் 2013 ஏப்ரலில் வந்தது, சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு 2015-ல். பரிசீலிப்பது பிஎஃப்ஐ என்கிற பிரிட்டிஷ் ஃபில்ம் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் சான்றிதழ் பிரிவு. மொத்தம் 35 புள்ளி, 18 எடுத்தால் பாஸ். நிகழ்ச்சி நன்றாக இருக்கிறதா, யாராவது பார்ப்பார்களா என்பதற்கெல்லாம் ஒரு புள்ளியும் இல்லை, அது அவர்கள் வேலையும் இல்லை.

35-ல் 18 புள்ளி உள்ளடக்கத்துக்கு. கதை எங்கே நடக்கிறது என்பதற்கு 4, முக்கியப் பாத்திரங்கள் யார் என்பதற்கு 4, கதைப்பொருள் அல்லது மூலக்கதை எங்கேயிருந்து வந்தது என்பதற்கு 4, வசனம் எந்த மொழியில் என்பதற்கு 6. அப்புறம் பிரிட்டிஷ் பண்பாட்டின் பன்முகம், மரபு, படைப்பாற்றல் இதையெல்லாம் நிகழ்ச்சி காட்டுகிறதா என்பதற்கு 4. ஷூட்டிங், விஷுவல் எஃபெக்ட்ஸ், போஸ்ட் புரொடக்ஷன் இங்கே நடந்தால் 5. ஆட்களுக்கு 8: இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர், முக்கிய நடிகர், நடிகர்களில் பெரும்பான்மை, துறைத் தலைவர்கள், குழுவில் பெரும்பான்மை, ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

இப்போது உங்கள் கதையைப் போட்டுப் பார்ப்போம், வேண்டுமென்றே கஞ்சத்தனமாக. நடக்கும் இடத்துக்கு 75 சதவீதம் இருந்தால் 4, 66 இருந்தால் 3, 50-க்கு 2, 25-க்கு 1. இதில் பலர் கவனிக்காத விஷயம், லண்டன் மட்டும் கணக்கில்லை, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, அதாவது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் அதோடு சேர்ந்த சில நாடுகளும், முழுவதும் கணக்கு. அதனால் உங்கள் லா சப்பல் காட்சிகளும் சேரும். ஒஸ்லோவில் வைத்தாலும் சேரும், ஏனென்றால் நார்வே அந்தப் பகுதிக்குள் இருக்கிறது. சூரிச்சில் வைத்தால் சேராது, சுவிட்சர்லாந்து உள்ளே இல்லை. யாழ்ப்பாணம் சேராது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 66-ஐத் தாண்டும், 3 வைத்துக்கொள்கிறேன். பாத்திரங்கள்: மூன்று முக்கியப் பாத்திரங்களில் இரண்டு பேர் இங்கே குடிமக்களாகவோ வசிப்பவர்களாகவோ இருந்தாலே முழு 4. அப்பாவும் மகளும் போதும், அந்தப் பெண்ணின் விசாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கதைப்பொருள்: லண்டன் குடும்பத்தின் கதை, எழுதியவர் நீங்கள், இங்கே வசிக்கிறீர்கள், அதனால் 4. மொழிக்குப் பூஜ்யம் போடுகிறேன். 40 சதவீத ஆங்கிலத்துக்கு ஏதாவது கொடுப்பார்கள், அது இல்லாமலே பார்ப்போம். பண்பாட்டுப் பங்களிப்பு என்ற 4 புள்ளி அவர்கள் மதிப்பீட்டைப் பொறுத்தது, அதற்கும் பூஜ்யம்.

இதுவரை 11. ஷூட்டிங்கில் பாதிக்கு மேல் இங்கே, 80 சதவீதம் இல்லை, அதற்கு 2, எடிட்டிங் இங்கே செய்தால் 1. ஆட்களில் இசையமைப்பாளர் போனார், முக்கிய நடிகருக்கான புள்ளியும் போனதாகவே வைப்போம், 6. ஆக மொத்தம் 20. தமிழுக்குப் பூஜ்யம், பண்பாட்டுக்குப் பூஜ்யம், சென்னைக்காரர்கள் இரண்டு பேர், அப்படியும் பாஸ். உங்கள் நண்பரிடம் இதை அப்படியே காட்டுங்கள்.

திரைக்கதை_சுபா எழுதியது:

கணக்கர் அண்ணா சொன்னது சரி, ஆனால் அந்த பண்பாட்டுப் பங்களிப்பு 4 புள்ளிக்குப் பூஜ்யம் போட்டதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த மாதிரி கதைக்கென்றே இருக்கிற பகுதி அது. புலம்பெயர்ந்த ஒரு சமூகம் இங்கே கடை வைத்து, பிள்ளைகளை வளர்த்து, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி வாழ்வது பிரிட்டிஷ் பன்முகம் இல்லையென்றால் வேறு எது? நிறைய பேர் அங்கே இரண்டு வரி எழுதிவிட்டு விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் தம்பி. எந்தக் காட்சியில் எது வருகிறது, எந்தப் பாத்திரம் எதைக் காட்டுகிறது என்று ஸ்கிரிப்டிலிருந்து எடுத்து எழுத வேண்டும். "எங்கள் படைப்பு பன்முகத்தன்மையைக் கொண்டாடுகிறது" மாதிரி வாக்கியம் படிக்கிறவருக்கு ஒன்றுமே சொல்லாது.

மொழி விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம், வேல்ஷ், கேலிக் மாதிரி இந்த மண்ணின் மொழிகள், அப்புறம் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளின் மொழிகள், இவற்றுக்குத்தான் அந்த 6 புள்ளி. அதாவது லண்டனில் எடுக்கிற ஒரு சீரிஸில் எல்லோரும் ஐஸ்லாந்து மொழி பேசினால் முழுப் புள்ளி. ஹாரோவில், ஈஸ்ட் ஹாமில், டூட்டிங்கில் தினமும் தெருவில் கேட்கிற தமிழுக்கு ஒன்றுமில்லை. பஞ்சாபிக்கும் வங்காளிக்கும் உருதுவுக்கும் இதே நிலைதான். கொடுக்காமல் போகட்டும், ஆனால் ஐஸ்லாந்துக்குக் கொடுத்துவிட்டுக் கொடுக்காதது தான் உறுத்துகிறது.

வடக்குவாசல் எழுதியது:

சுபா அக்கா, அந்த ஐஸ்லாந்து விஷயத்துக்குக் காரணம் தமிழ் மேல் இருக்கிற வெறுப்பு இல்லை. சட்டம் எழுதின நேரத்தில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. ஒரு நாட்டு அரசாங்கம் தன் சொந்தத் தொழிலுக்கு மட்டும் காசு கொடுத்தால் ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளில் சிக்கும். 'இது தொழிலுக்கான உதவி இல்லை, பண்பாட்டுக்கான உதவி' என்று காட்டினால்தான் அனுமதி, அதிலும் மற்ற உறுப்பு நாட்டுக்காரர்களை ஒதுக்கக் கூடாது. அதனால்தான் இப்படி ஒரு டெஸ்டே வந்தது, அதனால்தான் பாரிஸும் ஒஸ்லோவும் 'பிரிட்டிஷ்' கணக்கில் வருகின்றன. பிரிட்டன் வெளியே வந்த பிறகும் அந்தப் பகுதியை எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் நமக்கு லா சப்பல் கிடைத்தது, சந்தோஷப்படுங்கள்.

வேல்ஷோடு ஒப்பிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அது வேறு எங்கும் போய் வாழ முடியாத மொழி. எஸ்4சி என்று தனிச் சேனல் 1982-ல் வந்ததே பெரிய போராட்டத்துக்குப் பிறகுதான். தமிழுக்குச் சென்னை இருக்கிறது, யாழ்ப்பாணம் இருக்கிறது. பிரிட்டனின் வரிப்பணத்தில் முதல் உரிமை வேல்ஷுக்கு என்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

திரைக்கதை_சுபா எழுதியது:

வேல்ஷுக்கு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கொடுக்கட்டும், இன்னும் கூடவே கொடுக்கட்டும். நான் கேட்டது வெளியே இருக்கிற நாடுகளின் மொழிகளைப் பற்றி. ஒன்றியத்தை விட்டு வந்தபிறகும் அதை வைத்திருப்பதற்குப் பழைய காரணம் இப்போது பொருந்தாது இல்லையா. சரி, தம்பியின் கேள்வி இது இல்லை, இதோடு விடுகிறேன்.

ஸ்காபரோ_ரவி எழுதியது:

கனடாவிலிருந்து ஒரு குறுக்கீடு. இங்கே வரிச்சலுகைக்கான புள்ளிக் கணக்கில் கதை எங்கே நடக்கிறது, என்ன மொழி என்று யாரும் கேட்பதே இல்லை. வேலை செய்தவர் கனடியரா என்பதுதான் கேள்வி. 10 புள்ளி: இயக்குநருக்கு 2, எழுத்தாளருக்கு 2, முதல் இரண்டு நடிகர்களுக்கு ஒவ்வொன்று, கலை இயக்கம், ஒளிப்பதிவு, இசை, எடிட்டிங் ஒவ்வொன்று. 6 வேண்டும், இயக்குநர் எழுத்தாளர் இருவரில் ஒருவரும், முதல் இரண்டு நடிகர்களில் ஒருவரும் கட்டாயம் கனடியராக இருக்க வேண்டும், தயாரிப்பாளரும் கனடியராக இருக்க வேண்டும். நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் கனடியர்தான். இந்த முறையில் முழுக்க முழுக்கத் தமிழில், யாழ்ப்பாணத்தில் நடக்கிற கதையை எடுத்தாலும் 10-க்கு 10 வாங்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மறுபக்கமும் உண்டு. 'தி ஹாண்ட்மெய்ட்ஸ் டேல்' கனடிய எழுத்தாளரின் நாவல், டொராண்டோ பக்கம் எடுத்த சீரிஸ், ஆனாலும் அது கனடிய நிகழ்ச்சி இல்லை, ஏனென்றால் தயாரிப்பு அமெரிக்கக் கையில். உங்கள் ஊரில் நேர் எதிர்: பணம் ஹாலிவுட்டுடையதாக இருந்தாலும் புள்ளி வந்தால் சான்றிதழ் உண்டு. 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்துக்கே பிரிட்டிஷ் வரிச்சலுகை கிடைத்தது, அந்த விண்மீன் கூட்டம் எந்த ஐரோப்பியப் பகுதியில் இருக்கிறது என்று தெரியவில்லை. எது நல்ல முறை என்று கேட்டால் எனக்குக் கனடா முறைதான். நம்மைப் போல இரண்டு மூன்று ஊர்களில் பரந்து கிடக்கிற ஆட்களுக்கு, கதை எங்கே நடக்கிறது என்று சதவீதம் போடுவது பொருந்தவே பொருந்தாது.

இரண்டு நாட்டுக்கும் இடையில் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன் கீழே போனால் கலாச்சார டெஸ்ட் எழுதவே தேவையில்லை, இரண்டு பக்கமும் சொந்த நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளும். இங்கே தயாரிப்பாளர் கிடைத்தால் யோசியுங்கள்.

ஹாரோ_கதைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மூச்சு வந்தது. கணக்கர் அண்ணா, அந்தப் பெரிய தடை என்ன? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

கணக்கர்_ஈஸ்ட்ஹாம் எழுதியது:

பணம்தான். டிராமா சீரிஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 10 லட்சம் பவுண்டு செலவு இருக்க வேண்டும். ஸ்லாட் நீளத்தை, அதாவது ஒளிபரப்பில் ஒதுக்குகிற நேரத்தை வைத்துக் கணக்கு, ஒரே நேரத்தில் ஒப்பந்தமான எபிசோடுகளை எல்லாம் ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் ஒரு எபிசோட் மலிவாக இருந்து இன்னொன்று அதிகமாக இருந்தால் பரவாயில்லை. உங்கள் ஆறு மணி நேரத்துக்கு 60 லட்சம் பவுண்டு. விளம்பரச் செலவு, கடன் வட்டி, ஆரம்பத்தில் கதை உருவாக்கிய செலவு இதெல்லாம் சேராது. ஷூட்டிங்குக்கு முந்தைய தயாரிப்பு, ஷூட்டிங், போஸ்ட், இவைதான் அடிப்படைச் செலவு. ஸ்லாட் 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. சாட் ஷோ, குவிஸ், போட்டி நிகழ்ச்சி இதற்கெல்லாம் சலுகையே இல்லை. தமிழ்ச் சேனல்கள் பெரும்பாலும் செய்வது அதுதான் என்பது வேறு விஷயம்.

அந்த 60 லட்சம் இருந்தால் என்ன கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியிலிருந்து புது முறை: பிரிட்டனில் செய்த அடிப்படைச் செலவு, அல்லது மொத்த அடிப்படைச் செலவில் 80 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதில் 34 சதவீதம். எல்லாமே இங்கே செலவானது என்று வைத்தால் 48 லட்சத்தில் 34 சதவீதம், 16 லட்சத்து 32 ஆயிரம் பவுண்டு. ஆனால் அதற்கும் வரி உண்டு. 25 சதவீத விகிதத்தில் போனால் கையில் நிற்பது 12 லட்சத்து 24 ஆயிரம். யாழ்ப்பாணத்தில் செய்கிற செலவு இதில் வராது. சென்னை நடிகர் லண்டனில் நடித்த நாட்களின் சம்பளம் வரும், அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, வேலை எங்கே நடந்தது என்றுதான் பார்ப்பார்கள். இசையைச் சென்னையிலேயே செய்து அனுப்பினால் அது வெளிநாட்டுச் செலவு. அதாவது அந்த இரண்டு பேரால் உங்களுக்குப் போவது டெஸ்டில் அதிகம் போனால் இரண்டு புள்ளி, பணக் கணக்கில் இசைக்கு மட்டும். அதற்காகக் கதையை மாற்றச் சொல்வது அநியாயம்.

ஹாரோ_கதைக்காரன் எழுதியது:

60 லட்சமா! எங்களிடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் டெஸ்டே தேவையில்லை போலிருக்கிறதே. சின்ன பட்ஜெட்காரர்களுக்கு வேறு வழியே கிடையாதா?

கணக்கர்_ஈஸ்ட்ஹாம் எழுதியது:

இருக்கிறது, சீரிஸாகத்தான் எடுப்பேன் என்று அடம்பிடிக்காவிட்டால். சினிமாவுக்குக் குறைந்தபட்சச் செலவு என்று ஒன்று இல்லை. அதே 35-க்கு 18 டெஸ்ட். அடிப்படைச் செலவு 1.5 கோடி பவுண்டுக்குள் இருந்து, எழுத்தாளரோ இயக்குநரோ இந்த நாட்டுக்காரராக இருந்தால் 34-க்குப் பதில் 53 சதவீதம் வரை கிடைக்கிற தனிச் சலுகையும் இருக்கிறது. அதற்கு பிஎஃப்ஐ-யிடம் தனியாக ஒரு சான்று வாங்க வேண்டும். முக்கியமான நிபந்தனை, ஆரம்பத்திலிருந்தே தியேட்டருக்கென்று எடுக்க வேண்டும். எடுத்து முடித்துவிட்டு 'சரி, இதை தியேட்டரில் ஒரு வாரம் ஓட்டிக் காட்டுவோம்' என்பது நடக்காது. ஆறு மணி நேரக் கதையை இரண்டேகால் மணிக்குச் சுருக்க முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, அனிமேஷனும் சிறுவர் நிகழ்ச்சியும். அங்கேயும் மணிக்கு 10 லட்சம் என்கிற விதி இல்லை, விகிதம் 39 சதவீதம். அனிமேஷன் என்றால் அடிப்படைச் செலவில் பாதிக்கு மேல் அனிமேஷனுக்குப் போக வேண்டும், சிறுவர் நிகழ்ச்சி என்றால் 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கென்று எடுத்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் பொதுமக்களுக்கு வெளியிடுவதும் ஒளிபரப்பாகத்தான் கருதப்படும், சேனல்காரர் கிடைக்கவில்லை என்று நிற்க வேண்டாம். உங்கள் கதைக்கு இது பொருந்தாது, இருந்தாலும் இங்கே படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

எந்த வழியில் போனாலும் ஒரு லிமிடெட் கம்பெனி வேண்டும், இங்கே கார்ப்பரேஷன் டாக்ஸ் கட்டுகிற கம்பெனி, தயாரிப்புக்குப் பொறுப்பு அதன் பேரில் இருக்க வேண்டும். ஷூட்டிங் முடிந்தபிறகு கம்பெனி ஆரம்பித்து வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். தயாரிப்பு நடக்கும்போதே இடைக்காலச் சான்றிதழ் கேட்கலாம், முடிந்ததும் இறுதிச் சான்றிதழ், இந்தச் சான்றிதழ்களை வைத்துத்தான் வரித்துறையிடம் கேட்க முடியும். ஷூட்டிங் இடத்துக்கும் ஆட்களுக்கும் புள்ளி கேட்டால் இறுதி விண்ணப்பத்தோடு கணக்காளர் அறிக்கையும் வைக்க வேண்டும். அதனால் யார் எங்கே வசிக்கிறார்கள் என்பதற்கான ஆதாரத்தை முதல் நாளே வாங்கி வையுங்கள். படம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு லைட்மேனின் முகவரி தேடி அலைவது பெரிய வேதனை.

திரைக்கதை_சுபா எழுதியது:

சினிமாவாக்கினால் ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது லண்டன் காட்சிகள்தான், கடைச் சண்டை, பள்ளிக்கூடம், அந்த மாதிரி. யாழ்ப்பாணக் காட்சிகள் உணர்ச்சிமயமானவை, அதை யாரும் வெட்ட மாட்டார்கள். அப்படிப் போனால் இடத்துக்கான புள்ளி 3-லிருந்து 2 அல்லது 1-க்கு இறங்கும். அதோடு ஷூட்டிங்கும் இங்கே பாதிக்குக் கீழே போனால் கணக்கர் அண்ணா போட்ட 20 கரைய ஆரம்பித்துவிடும், அப்போது நான் சொன்ன பண்பாட்டுப் புள்ளி உண்மையிலேயே தேவைப்படும். வெட்டி முடித்ததும் பக்கங்களை எண்ணி இன்னொரு தடவை கணக்குப் போடுங்கள்.

ஹாரோ_கதைக்காரன் எழுதியது:

சரி அக்கா. இந்த வாரம் ஒரு சினிமா வடிவத்துக்கு அவுட்லைன் போட்டுப் பார்க்கிறேன், தமிழ் வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டு. அந்த நண்பருக்கும் இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை. ரவி அண்ணா, அங்கே கூட்டுத் தயாரிப்புக்கு யாரையாவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.